கருவேல ஆணியும் இரட்டை ஆப்பும்: குன்னூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றின் சரக்கு எப்படி?

ஆணி நல்ல ஆணி, ஆப்பு அதைவிட நல்ல ஆப்பு. அனுப்பி வைக்கும் லட்சணம்தான் சரியில்லை. மழை மாதத்தில் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் நீங்களே நேரில் போய், பையைப் பிரிக்காமல் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரும்பு இல்லாமல் மரவீடு கட்டும் யோசனை இருப்பவர்கள் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப் போகிறேன்.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் வேலை செய்கிற சின்ன இடம், பெயரைப் போட்டுப் பிழைப்பைக் கெடுப்பானேன்? குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பக்கம் என்று சொன்னால் மரக்கடைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

நான் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் பராமரிப்புப் பிரிவில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெடிமருந்து புழங்கும் கட்டடத்துக்குள் வெளியே தெரிகிற இரும்பு ஆகாது. உரசினால் பொறி. ஆகவே பித்தளைத் திருகு, செம்பு ஆணி, மரக் கொட்டாப்புளி, அடியில் லாடம் இல்லாத செருப்பு என்றே வேலைக்காலம் முழுக்கப் போனது. இரும்பில்லாத இணைப்பு என்று யாராவது புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் இந்தப் பட்டறையை நடத்துகிற பெண் அப்படிப் பேசவில்லை. சிவில் படித்தவர், வெளிநாட்டில் மரக்கட்டடம் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முதல் நாள் போனபோது என் கையில் ஓர் ஆணியைக் கொடுத்து, "சார், இதை மோந்து பாருங்க" என்றார். சூளை வாசனை அடித்தது. அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய கட்டடம் இல்லை. வீட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவில் 14 அடிக்கு 10 அடியில் ஓர் அறை, முன்னால் ஒரு வராந்தா. மே மாதம் மகளும் பேரப்பிள்ளைகளும் வந்தால் படுக்க இடம் போதவில்லை. அந்த இடத்துக்கு ரோடு கிடையாது, படிக்கட்டுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மணலும் சிமெண்டும் ஏறி வந்து, ரோட்டோரம் இறங்கி, அங்கிருந்து தலைச்சுமையாக இறங்குகிற கூலியைக் கணக்குப் போட்டால் சரக்கின் விலையைத் தாண்டிவிடுகிறது. இந்த மலையில் வீடு கட்டினவர்களுக்குத் தெரியும். எங்கள் பட்டா நிலத்திலேயே நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் நின்றது. வெட்டுவதற்கு 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், வாங்கினோம். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

ஏன் போல்ட்டும் பிளேட்டும் போடாமல் மர ஆணி? இந்த ஊர்ப் பனியைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். இரவில் இரும்பு மரத்தைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மூடுபனி ஈரம் முதலில் போய் உட்காருவது அதன் மேல்தான். போல்ட்டைச் சுற்றி வியர்க்கும், அந்த வியர்வையை மரம் குடிக்கும், இணைப்புக்கு உள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் மக்கும். யூகலிப்டஸ் மாதிரித் துவர்ப்பு உள்ள மரமாக இருந்தால் இன்னும் மோசம். இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுப்பு மை வழிந்த மாதிரிக் கறை இறங்கும், ஆணியும் அரிக்கும். எங்கள் பழைய விறகுக் கொட்டகையில் நாலு வருஷத்தில் ஆணித் தலை உதிர்ந்து பலகை கையோடு வந்தது.

இனி சரக்குக்கு வருவோம்.

ஆணி

20 மி.மீ. குறுக்களவு. நீளம் நாம் கேட்கிறபடி. மரம் கருவேலம், சமவெளியிலிருந்து வருகிறது. மாட்டுவண்டிக்கு ஓடிய மரம், உறுதி பற்றிச் சந்தேகமில்லை. சீமைக் கருவேலம் சும்மாவே கிடைக்குமே, அதில் செய்யக்கூடாதா என்று கேட்டேன். நேரான துண்டு கிடைப்பது கஷ்டம் என்றார் அந்தப் பெண். இன்னொன்றும் சொன்னார்: அது ஈரத்துக்கு அதிகம் உப்பாத மரம், கதவு செய்ய அது நல்ல குணம், ஆணிக்கு அது குறை. யோசித்துப் பார்த்தால் சரிதான். இந்த ஆணி உப்புவதால்தான் பிடிக்கிறது.

விஷயமே அதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆணியைச் சூளையில் போட்டு 7 சதவீத ஈரம் வரைக்கும் காய்ச்சுகிறார்கள். உத்தரமும் தரைக்குப் போடும் பேனலும் 13, 14 சதவீதத்தில் இருக்கும். காய்ந்த ஆணியை அதே அளவுத் துளையில் அடித்து இறக்கினால், அது சுற்றியிருக்கிற மரத்திலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்துப் பருக்கும். 20 மி.மீ. ஆணி சுமார் 0.3 மி.மீ. வரைக்கும் பருக்கிறது. பார்த்தால் தெரியாத அளவு, ஆனால் துளைக்குள் அந்த 0.3-க்குப் போக இடமில்லை. பசை கிடையாது, திருகு கிடையாது, கையால் பிடுங்க வழியும் கிடையாது. ஐரோப்பாவில் பலகைகளை வரிசையாக நிறுத்திக் கடின மர ஆணியால் கோத்துச் செய்கிற தளங்களெல்லாம் இந்த ஒரே கணக்கில்தான் நிற்கின்றன. அங்கே பீச் மரம், இங்கே கருவேலம்.

எங்கள் ஆசாரி மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். அவரிடம் இதை நான் விளக்கப் போனேன். பாதியிலேயே நிறுத்தினார். "ஏனுங் சார், இதுல புதுசா என்னங்க இருக்குது? எங்கப்பன் வண்டிச் சக்கரம் பண்றப்ப ஆரக்காலு அடுப்புப் பரண்ல மாசக்கணக்கா கெடக்கும். சக்கரக் குடத்துல அடிச்சா அப்பறம் யானை வந்து இழுத்தாலும் வராதுங்க." நிலை, கதவுகளுக்கு மூங்கில் ஆணி போடுகிறவர் அவர். கையில் வாங்கியதும் ஆணியின் தலையைத்தான் பார்த்தார். அங்கே பென்சிலால் ஒரு கோடு இருந்தது.

அந்தக் கோடுதான் இந்தப் பட்டறைக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண். மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பாது. மரத்தின் வயது காட்டும் வளையத்தை ஒட்டின திசையில் அதிகம், வளையத்தைக் குறுக்கே வெட்டும் திசையில் குறைவு. அதாவது உருண்டை ஆணி ஈரம் குடித்தால் லேசாக நீள்வட்டமாகும். அதிகம் உப்புகிற பக்கம் உத்தரத்தின் இழைக்குக் குறுக்கே அமைந்துவிட்டால் உத்தரத்தைப் பிளக்கப் பார்க்கும். இழையோடு நீளவாக்கில் அமைந்தால் ஒன்றும் செய்யாது, அந்தத் திசையில் மரம் தாங்கும். கோட்டை உத்தரத்தின் நீளத்துக்கு நேராக வைத்து அடி, அவ்வளவுதான். ஒவ்வோர் ஆணிக்கும் யாரோ உட்கார்ந்து வளையம் பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்கள். விலையில் அந்தக் கூலியும் சேர்ந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு "ஒரு குச்சிக்கு 42 ரூபாயா" என்று கேட்கக்கூடாது. (நான் கேட்டேன், அது வேறு.)

ஆணியை வாளால் அறுத்துச் செய்வதில்லை. கட்டையை இழையோடு பிளந்து, பிளந்த துண்டை எஃகுத் தகட்டுத் துளை வழியாக அடித்து உருட்டுகிறார்கள். அறுத்த ஆணியில் இழை குறுக்கே ஓடி வெளியேறியிருக்கும். பிளந்த ஆணியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழை. வைஸில் ஒன்றைக் கடித்து வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். வளைந்து, முறுகி, நீளநீளமாகச் சிம்பு கிளம்பியதே ஒழிய இரண்டாகவில்லை. மரக்கடையில் வாங்கிய கடைசல் குச்சி அதே அடியில் முருங்கைக் கிளை மாதிரி படக்கென்று ஒடிந்தது. இந்த வித்தியாசம் இணைப்பில் பெரிய விஷயம். பாரம் தாங்காமல் போகும்போது இந்த ஆணி முன்கூட்டியே வளைந்து காட்டும்.

குறை என்று பார்த்தால் கட்டுக்குள் ஒரு சில ஆணிகளில் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டின இளமரம், கலந்திருந்தது. வைரப் பகுதி பழுப்பாக இருக்கும், வெளிறு வெளுத்துத் தெரியும். கண்ணில் படாமல் போக நியாயமில்லை. வெளிறில்தான் வண்டு துளைத்து மாவு கொட்டும். போரிக் கரைசலில் முக்கியிருக்கிறோம் என்றார்கள். இருக்கட்டும், நான் அவற்றைத் தனியே எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். நீங்களும் பிரித்துப் பாருங்கள், ஆனால் அடிக்கப்போகும் அன்று பிரியுங்கள்.

தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஆசாரி தன் வழக்கத்தைக் காட்டினார். உத்தரத்தின் முனையை நாக்காகச் செதுக்கித் தூணின் துளையில் நுழைத்த பிறகு, இரண்டையும் சேர்த்து ஒரே நேராகத் துளை போடவில்லை. தூணில் போட்ட துளையைவிட நாக்கில் போட்ட துளை ஒன்றரை மி.மீ. உத்தரத்தின் பக்கமாகத் தள்ளி இருந்தது. ஆணி உள்ளே போகும்போது அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நாக்கை உள்ளே இழுக்கும். கொட்டாப்புளியின் நாலாவது அடியில் இணைப்பு மூடிக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. சாதாரணக் கடைசல் குச்சியாக இருந்தால் இந்த வளைப்பில் உள்ளேயே ஒடிந்திருக்கும். பட்டறைக்காரர்கள் கொடுக்கிற படத்தில் இந்த வித்தை இல்லை. சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பேனலும் இரட்டை ஆப்பும்

தரைக்கு பேனல் அவர்களிடமே செய்யக் கொடுத்தேன், மரம் எங்களுடையது. நாலு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் அறுத்த சில்வர் ஓக் சட்டங்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, பதினாறு சட்டங்களைச் சேர்த்து, ஓர் அடிக்கு ஒன்றாகப் பக்கவாட்டில் துளைத்து, இரண்டடி நீள ஆணியை எந்திரத்தால் அழுத்தி ஏற்றுகிறார்கள். இரண்டடி அகலம், பத்தடி நீளத்தில் ஒரு பேனல். சதுர அடிக்கு 260 ரூபாய் கூலி. நூறு கிலோவுக்கு மேல் எடை. நாலு பேர் தோளில் படி இறங்கியது. ஏழு பேனலும் ஒரே காலையில் வந்து சேர்ந்துவிட்டன. கான்கிரீட் தளம் என்றால் அந்தப் பாரத்துக்கு எத்தனை நடை என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாயைப் பிளந்தார்.

இங்கேதான் இரட்டை ஆப்பு. இரண்டு பேனல் ஒட்டும் ஓரத்தில், இரண்டிலும் பாதிப்பாதியாக, புறாவால் வடிவில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதில் இரண்டு பிளைவுட் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். எதிரெதிராக வைத்து மேலிருந்து தட்டினால் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கி அகலும். அகலும்போது புறாவாலின் சரிவுகளைப் பிடித்து இரண்டு பேனலையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். ஆஸ்திரியாவில் எக்ஸ்-ஃபிக்ஸ் என்ற பெயரில் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பேனல்களுக்கு இதே தத்துவத்தில் சரக்கு விற்கிறது. இந்தப் பெண் அதைப் பார்த்துத்தான் நம் ஊர் பிளைவுட்டில் செய்திருக்கிறார், ஒளிவுமறைவில்லாமல் சொல்லவும் செய்கிறார். ஒரு ஜோடி 310 ரூபாய். ஓர் ஓரத்துக்கு மூன்று ஜோடி போட்டோம்.

ஒரு பேனலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற சந்து இருந்தது. ஆசாரியின் பையன் ஆப்பை வைத்துத் தட்டத் தட்ட அந்தச் சந்து மூடிக்கொண்டே வந்து, கடைசியில் வெற்றிலைக் காம்புகூட நுழையவில்லை. கிளாம்ப் கிடையாது, கடப்பாரையால் நெம்பவில்லை. இதைப் பார்ப்பதற்காகவே அக்கம்பக்கத்தில் இருந்து ஆட்கள் வந்து நின்றார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது பிறகு நடந்தது. பிளம்பர் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோக வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்து தலையைச் சொறிந்தார். ஓரத்து ஆப்புகளைக் கீழிருந்து எதிர்த்திசையில் தட்டி எடுத்தோம், ஒரு பேனலைத் தூக்கினோம், குழாய் போனது, பேனல் திரும்ப உட்கார்ந்தது. அதே ஆப்புகள்தான். ஊட்டி ஸ்டீபன் சர்ச் கூரையில் இருக்கிற உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. கழற்றுகிற மாதிரிக் கோத்த மரத்துக்கு இரண்டாவது வாழ்க்கை உண்டு. நாளைக்கு என் பேரன் இந்த அறை வேண்டாம் என்று முடிவெடுத்தால் பேனலை அப்படியே சா மில்லில் கொடுத்து அறுக்கலாம், ஆணி பட்டு வாள் பல் போகும் என்ற பயமில்லை. போல்ட் போட்டிருந்தால் மில்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்.

மழையில் வந்த பை

இரண்டாவது தவணை ஆணி ஐப்பசியில் வேண்டியிருந்தது. குன்னூருக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்று தெரியாதவர்கள் இல்லை. வழக்கமாகத் தடித்த பிளாஸ்டிக் பையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, வாய் ஒட்டித் தருவார்கள். இந்தத் தடவை ஜீப்பில் கொடுத்தனுப்பியது சாக்குப் பையில். மேலே தார்ப்பாய் மூடியிருந்தது என்று டிரைவர் சத்தியம் செய்தார். எனக்கு தார்ப்பாய் முக்கியமில்லை, அந்தக் காற்றே போதும். என்னிடம் ஈரம் அளக்கும் மீட்டர் இருக்கிறது. குத்திப் பார்த்தால் 17 காட்டியது. வெர்னியர் அளவுகோலில் குறுக்களவு 20.4 மி.மீ., சிலது 20.5. உப்ப வேண்டியதெல்லாம் பைக்குள்ளேயே உப்பி முடித்துவிட்டது.

பட்டறையிலிருந்து வந்த மேற்பார்வையாளர், "தட்டினா போயிடும் சார்" என்று ஒன்றை அடித்தார். பாதி போனது, மீதிக்கு வராந்தா உத்தரத்தின் முனை விரல் நீளத்துக்கு வெடித்தது. ஆசாரி கொட்டாப்புளியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "போனாலும் ஆவாதுங்க. ஈரமா அடிச்சா இன்னிக்கு நிக்கும். மாசி மாசம் கையாலயே புடுங்கலாம்" என்றார். மேற்பார்வையாளருக்கு இது புரியவே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். துளைக்குள் போகவில்லை என்பது சின்னத் தொல்லை. ராவி மெலிதாக்கினால் போகும். போன பிறகு கோடையில் சுருங்கி ஆடும் என்பதுதான் ஆபத்து. சரக்கு விற்கிறவனுக்குத் தன் சரக்கு எதனால் பிடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் பேசினேன். மறுப்பு சொல்லவில்லை. சாக்கில் அனுப்பியது யார் என்று விசாரித்துவிட்டு, மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார், உத்தரத்துக்கான மரத்தின் விலையையும் பில்லில் கழித்தார். புதுத் தவணையை அவரே காரில் வைத்துக் கொண்டுவந்தார். ஆனால் நடுவில் கூரை இல்லாமல் அறை மழையில் நின்றதற்கு எந்தப் பில்லில் கழிப்பது? தார்ப்பாய் வாடகை, ஆட்கள் சும்மா உட்கார்ந்த கூலி எல்லாம் என் தலையில். பையின் மேல் ஈரம் காட்டும் அட்டை ஒன்று ஒட்டி அனுப்புங்கள், நிறம் மாறியிருந்தால் வாங்குகிறவன் திருப்பிவிடலாம் என்று சொன்னேன். செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பேச்சுக்கும் சரக்குக்கும் நடுவில்

அவர்களுடைய நோட்டீஸில் "நூறு சதவீதம் உலோகம் இல்லாத வீடு" என்று போட்டிருக்கிறது. இல்லை. தூண்களின் அடியில் அஸ்திவாரத்தோடு பிடிக்கிற இடத்தில் துத்தநாக முலாம் பூசிய போல்ட்தான், வேறு வழியும் கிடையாது. ஆடிக் காற்றில் கூரை மேலே இழுக்கும். குறுக்கே வரும் பாரத்தை மர ஆணி தாங்கும், அதன் அச்சோடு பிடுங்கும் பாரத்தில் அதை நம்ப முடியாது. இதை அவரிடமே சொன்னேன். "ஆமா சார், தரைக்கு மேலன்னு மாத்திடறேன்" என்றார். பலத்திலும் ஒன்றுக்கு ஒன்று கணக்குப் போடக்கூடாது. ஒரு 12 மி.மீ. போல்ட் செய்கிற வேலைக்கு எங்கள் படத்தில் மூன்று, நாலு ஆணி வந்தது. ஆணி போட இடம் வேண்டும், இடத்துக்கு உத்தரம் தடிக்க வேண்டும், ஆகவே மரச் செலவு கூடும். சொந்த மரம் இல்லாதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே நோட்டீஸில் தோடர் வீட்டுப் படம் வேறு. தோடர் வீட்டில் மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி மேலே புல் வேய்கிறார்கள். அது கட்டும் கலை, அடிக்கும் கலை இல்லை. இரும்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர்களைக் கொண்டுவந்து கருவேல ஆணிக்கு விளம்பரத்தில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

பட்டறைச் சுவரில் சூரிச் நகரத்து டமீடியா என்ற பத்திரிகைக் கம்பெனிக் கட்டடத்தின் படம் மாட்டியிருக்கிறார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் வடிவமைத்து 2013-ல் முடிந்த ஏழு மாடி. மரச் சட்டங்கள் சேரும் மூட்டுகளில் உலோகம் கிடையாது, பீச் மரத் துண்டுகள்தான் கோத்துப் பிடிக்கின்றன. நல்ல படம். ஆனால் அந்த உத்தரங்கள் பசை போட்டு அடுக்கியவை, கம்ப்யூட்டர் எந்திரம் வெட்டியவை. அதைப் பார்த்துவிட்டு நம் அறையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். லிக்னோலாக் என்று ஆஸ்திரியாவின் பெக் கம்பெனி விற்கிற, காற்றுத் துப்பாக்கியால் அடிக்கிற பீச் ஆணியும் ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். அழுத்தி இறுக்கின மரம், துளையே போட வேண்டாம், போகிற வேகத்தின் உராய்வுச் சூட்டில் ஆணியும் பலகையும் ஒட்டிக்கொள்ளும். சுவர்ப் பலகைக்கு அருமையாக இருக்கும். அது காட்சிக்கு மட்டும், விற்பனைக்கு இல்லை என்றார்கள். அப்புறம் எதற்கு ஆசை காட்டுவது?

நெருப்பைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. ஃபேக்டரியில் நெருப்புக்குப் பயந்தே வாழ்ந்தவன் என்பதால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தடித்த மரம் வெளியிலிருந்து கருகிக்கொண்டே போகும். ஐரோப்பியக் கணக்கில் ஊசியிலை மரம் நிமிஷத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குக் காப்பு. எஃகு 550 டிகிரி வாக்கில் பாதி பலத்தை இழந்துவிடும், அதோடு சூட்டை மரத்தின் உள்ளுக்குக் கடத்தியும் விடும். மர ஆணிக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. அதற்காக அந்த அறையில் அடுப்பு வைக்க நான் விடவில்லை.

பிப்ரவரி வந்ததும் பேனல் சட்டங்களுக்கு நடுவில் நூல் நூலாக இடைவெளி விழுந்தது. மீட்டர் 10, 11 காட்டியது. அகலவாக்கில் மரம் சுருங்கும், ஆணி நீளவாக்கில் சுருங்காது, ஆகவே சட்டங்கள் ஆணியின் மேலேயே கொஞ்சம் விலகுகின்றன. நடந்தால் லேசாகக் கிறீச்சிடுகிறது. என் வீட்டுக்காரிக்கு இது பிடிக்கவில்லை; கூட்டினால் தூசி இடுக்கில் போகிறது என்கிறாள், போகத்தான் செய்கிறது. ஐப்பசியில் தானாக மூடிக்கொள்கிறது. இதைப் பட்டறை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஆர்டர் போய்விடும் என்று பயந்திருப்பார்கள் போல.

உறுதிக்குச் சான்று கேட்டால் காட்டெருமையைத்தான் சொல்வேன். ஒரு விடிகாலையில் வராந்தாவின் மூலைத் தூணில் ஒன்று சாவகாசமாக முதுகு தேய்த்துக்கொண்டு நின்றது. மேலே தகரம் தடதடத்தது, உள்ளே மருமகன் கட்டிலில் ஏறி நின்றுகொண்டார். போன பிறகு போய்ப் பார்த்தோம். தூணில் ரோமமும் சேறும். ஆணித் தலைகள் கோடு பிசகாமல் அப்படியே இருந்தன. அடியில் போல்ட் நட்டை மட்டும் ஒரு சுற்று இறுக்க வேண்டியிருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. முன்பணம் பாதி. சூளை சின்னது, பெரிய ஆர்டருக்கு ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். தை, மாசியில் அடிக்கிற மாதிரித் திட்டமிட்டால் உத்தம். ஆப்பை மட்டும் வாங்கிக்கொண்டு பள்ளத்தை நாமே வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சரிவு கை ரவுட்டரில் சரியாக வராது. ஆணிக்குத் துளை போடும் பிட்டையும் அவர்களிடமே வாடகைக்குக் கேளுங்கள். ஹார்டுவேர் கடையில் 20 மி.மீ. என்று எழுதி விற்பதை நான் வெர்னியரில் வைத்துப் பார்த்தேன், 20.6 இருந்தது.